பழைய மின்சாரக் கார் வாங்கும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



பழைய மின்சாரக் கார் வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டீர்கள். போன வருடம் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் செயலாளர் என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

வண்டி பளபளவென்று இருந்தது. முழு சார்ஜில் திரை 220 கி.மீ. காட்டியது. நம்பிப் பணம் கொடுத்தேன். முதல் வாரம் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்த் திரும்பினோம். தாம்பரம் வரும்போது 9 சதவீதம்தான் மிச்சம். ஏசியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க வீடு சேர்ந்தோம்.

திரையில் தெரியும் கிலோமீட்டர் பேட்டரியின் நலத்தைச் சொல்லாது. சமீபத்தில் வண்டியை எப்படி ஓட்டினார்களோ, அதை வைத்துப் போடும் கணக்கு அது. நகருக்குள் மெதுவாக ஓட்டினால் ஏறும். நெடுஞ்சாலையில் விரட்டினால் இறங்கும்.

பிறகுதான் நம் பார்க்கிங் மீட்டரை வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் வண்டியின் பேட்டரி புதிதில் 30 யூனிட். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற, பேட்டரிக்குள் 18 யூனிட் போக வேண்டும். சார்ஜ் ஆகும்போது சுமார் 10 சதவீதம் வீணாகும். ஆக மீட்டர் 20 யூனிட் ஓட வேண்டும். ஓடியது 16 தான். அதாவது, பேட்டரியில் மிஞ்சியிருப்பது சுமார் 80 சதவீதம். மறுவாரமும் அதே கணக்குதான் வந்தது. புது பேட்டரிக்கான விலையை நான் கொடுத்திருக்கிறேன்!

இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பேரம் பேச இது போதும். விற்பவர் சம்மதித்தால் ஓர் இரவு வண்டியை இங்கே நிறுத்தி, ஏற்றிப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி நல அறிக்கையை எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மறுத்தால், அந்த வண்டி வேண்டாம்.

வாரன்டியையும் பாருங்கள். பல கார்களுக்குப் பேட்டரி வாரன்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; எது முதலில் வருகிறதோ அதுவரை. அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

என் பணம் போனது போனதுதான். உங்களில் யாராவது வண்டி பார்க்கப் போனால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள். மீட்டர் பார்க்க நானும் வருகிறேன்.