மருந்து போட்ட பிறகு பொங்கும் மீன்தொட்டி



உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருப்பது நம்மில் சில வீட்டார்தான். மற்றவர்களுக்கு இதில் என்ன என்று நினைக்காதீர்கள். அந்தத் தொட்டி ராத்திரியில் பொங்கினால் நனையப்போவது கீழ் வீட்டு சீலிங்.

மகாராஜபுரத்தில் கடல் ஏது? ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கலந்து நாமே கடலை உண்டாக்குகிறோம். அதில் சேரும் மீன் கழிவை எடுப்பது புரோட்டீன் ஸ்கிம்மர். பொடிக் குமிழிகளை அது அனுப்பும். கழிவு குமிழியில் ஒட்டி, நுரையாக மேலேறி, கப்பில் விழும். பால்கோவாவுக்குப் பால் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் நுரையைத் தாங்குவது புரோட்டீன்தான்.

சிவப்புப் பாசிக்கோ புழுவுக்கோ மருந்து போட்டால், பல மருந்துகளில் குமிழி சீக்கிரம் உடையாது. கப் சில நிமிடத்தில் நிரம்பி வழியும். ஸ்கிம்மர் கெட்டுப்போகவில்லை. 2019 டிசம்பரில் மெரினாவில் நுரை குவிந்ததே, அதுவும் இதே சங்கதிதான். அங்கே மருந்துக்குப் பதில் சோப்புக் கழிவு.

மருந்து வேலை செய்யும் நாட்களில் ஸ்கிம்மரை நிறுத்தினால் ஏர் ஸ்டோன் கட்டாயம் ஓட வேண்டும். ராத்திரியில் ஆக்சிஜன் குறையும்; மீன் செத்துப்போவது பெரும்பாலும் அப்போதுதான். மருந்துச் சீட்டில் சொன்ன நாள் முடிந்ததும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். பிறகு ஸ்கிம்மரின் தண்ணீர் மட்டத்தை நன்றாக இறக்கி, காற்றைக் குறைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். கப்பிலிருந்து ஒரு டியூபை வாளிக்கு விடுங்கள். அடங்க ஒரு வாரம்கூட ஆகலாம். எண்ணெய்க் கையைத் தண்ணீரில் விட்டால் நுரை அமுங்கும் என்பார்கள். அமுங்கும், உண்மைதான், மருந்து தண்ணீரிலேயே இருக்கும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஸ்கிம்மர் வெளியே தள்ளுவது உப்புத்தண்ணீர். கருவி உள்ளே விடுவது நல்ல தண்ணீர். 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் இப்படி மாறினால் உப்பு 35-லிருந்து 31.5-க்கு இறங்கிவிடும். மீன் தாங்கினாலும் பவளமும் இறாலும் தாங்குவது கஷ்டம். குறைந்த அளவுக்கு உப்புத்தண்ணீரையே கலந்து ஊற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும். கண்மாய்ப் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.

மருந்து போடும் வாரத்தில் ஊருக்குப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, எது ஸ்கிம்மர் சுவிட்ச், எது ஏர் பம்ப் சுவிட்ச் என்று பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.