மூன்று தவணை எதற்கு?



மறையூரில் கரும்பு வெட்டும் காலம். கொப்பரையில் பாகு கொதிக்கிறது. அப்பாவும் அம்மாவும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. பிறகு தண்ணீர் தண்ணீராகப் போகத் தொடங்கியது.

"பல் முளைக்குது, அதான்" என்கிறாள் பாட்டி.

"கண் பட்டிருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாலைக்குள் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை.

இப்படி எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! பல் முளைப்பதால் பேதி ஆகாது. கண் பட்டும் ஆகாது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான பேதிக்கு முக்கியமான காரணம் ஒரு கிருமி. அதன் பெயர் ரோட்டா வைரஸ்.

1973இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரிய கருவியில் வைத்துப் பார்த்தபோது அது வண்டிச் சக்கரம் போல் இருந்தது. லத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம். அதனால் அந்தப் பெயர்.

நம் சிறுகுடலின் உள்ளே விரல் போன்ற மிகச் சிறிய முளைகள் உண்டு. குடித்த தண்ணீரையும் தின்ற சோற்றின் சத்தையும் உறிஞ்சுவது இவைதான். ரோட்டா வைரஸ் இந்த முளைகளின் நுனியைக் கெடுக்கிறது. உறிஞ்ச முடியாத தண்ணீர் எல்லாம் வெளியே போய்விடுகிறது. உடம்பு வற்றிப்போகிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இதனால் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா? கை கழுவினால் போதாதா? இரண்டும் தேவைதான். ஆனால் இந்தக் கிருமி பொல்லாதது. நல்ல தண்ணீரும் கக்கூசும் உள்ள பணக்கார நாடுகளில்கூட, ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் இது வந்துவிடும். அதனால்தான் தடுப்பு மருந்து தேவைப்பட்டது.

இந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் டாக்டர் ககன்தீப் காங். சிம்லாவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். டாக்டருக்குப் படித்தது நம் பக்கத்து வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். படித்த இடத்திலேயே தங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்.

அவர் குழு செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். வேலூரில் சின்ன அல்லாபுரம், கஸ்பா போன்ற இடங்கள் உண்டு. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நெருக்கி வாழும் தெருக்கள். அங்கே 2002ஆம் ஆண்டு முதல், பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். வாரம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். குழந்தைக்குப் பேதியா என்று கேட்டார்கள். பேதி இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! 373 குழந்தைகளை முழுதாகப் பின்தொடர்ந்தார்கள். கதவைத் திறந்துவிட்ட அந்தத் தாய்மார்களும் இந்த ஆராய்ச்சியில் பாதி வேலை செய்தவர்களே.

ரத்தத்தில் என்ன பார்த்தார்கள்? எதிர்ப்பொருளை. டாக்டர்கள் இதை ஆன்டிபாடி என்பார்கள். மறையூர்க்காரர்களுக்கு இது எளிதாக விளங்கும். சந்தனக் காட்டில் காவலர் இருக்கிறார். முதல் தடவை வந்த திருடனை அவருக்கு அடையாளம் தெரியாது. மரம் போய்விடும். அதே ஆள் மறுபடி வந்தால்? முகம் பார்த்ததும் பிடித்துவிடுவார். நம் உடம்பும் அப்படித்தான். ஒரு கிருமி வந்து போனால், அதை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கிற எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. தடுப்பு மருந்து என்பது, கெடுதல் செய்யாத ஆளைக் காட்டி முகத்தைப் பழக்கிவிடுவது.

இதில் வேலூரில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மெக்சிகோ நாட்டில் முன்பு இதேபோல் பார்த்திருந்தார்கள். அங்கே இரண்டு தடவை கிருமி வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையான பேதி வரவில்லை. வேலூரில் மூன்று தடவை வந்துபோன பிறகும் 100க்கு 79 பங்குதான் பாதுகாப்பு. இது 2011இல் வெளியானது.

ஏன் இப்படி? ஒரே காரணம் இல்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அசுத்தத்தின் நடுவே வளரும் குழந்தையின் குடலில் எப்போதும் ஏதாவது கிருமி இருக்கும். குடல் உள்ளுக்குள் புண்பட்டுச் சிவந்தே இருக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். அழற்சி உள்ள குடலில், வாய்வழி கொடுக்கும் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். காவலர் ஏற்கெனவே பத்துப் பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் புது முகத்தை எப்படிக் கவனிப்பார்?

இனி மருந்தின் கதை. 1980களில் டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த குழந்தைகள் சிலருக்கு ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் பேதி இல்லை! டாக்டர் எம்.கே. பான் இதைக் கவனித்தார். அது சாதுவான வகை. மாட்டுக்கு வரும் ரோட்டா வைரசின் ஒரு சிறு கூறும் அதில் தானாகவே கலந்திருந்தது. அதை எடுத்து மருந்தாக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. டில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் நடத்தியது டாக்டர் காங்கின் குழு. 100க்கு 56 பங்கு கடுமையான ரோட்டா பேதியை மருந்து தடுத்தது. 2016இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2019இல் கேரளத்துக்கும் வந்தது. அதே 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி டாக்டர் காங்கை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் வேலை செய்யும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அதுவே முதல் தடவை.

"பாதிதானே தடுக்கிறது, பிறகு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 78,000 பேரில் பாதி எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு தவணை போதாது என்பதும் இப்போது விளங்கும். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என மூன்று தடவை முகம் காட்ட வேண்டும். "முதல் சொட்டு கொடுத்தாச்சு, காந்தலூர் போய்விட்டோம், அடுத்தது விட்டுப்போச்சு" என்றால் பாதுகாப்பு குறையும்.

பயமும் உண்டு. அமெரிக்காவில் 1998இல் வந்த வேறொரு ரோட்டா மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. அடுத்த ஆண்டே அதை நிறுத்திவிட்டார்கள். நம் மருந்து வந்தபின் இங்கே பல ஆஸ்பத்திரிகளில் இதையே கண்காணித்தார்கள். மருந்தால் அந்தக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. தாய்ப்பாலால் மருந்து கெடுமோ என்றும் சந்தேகப்பட்டார்கள். டில்லியில் தாய்ப்பாலைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். பலன் ஒன்றும் கூடவில்லை. ஆகவே பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

மருந்து குடித்த குழந்தைக்கும் பேதி வரலாம். வந்தால் சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். இங்கே சர்க்கரை என்றால் வெல்லம் என்று எடுத்துக்கொள்வோம். இது வெள்ளைச் சீனி. கண் உள்ளே போனாலும், குழந்தை துவண்டாலும், குடிக்க மறுத்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

வீட்டில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கும். எடுத்துப் பாருங்கள். அச்சு மலையாளத்தில் இருந்தாலும் தேதியின் எண் ஒன்றுதான். மூன்று கட்டத்திலும் தேதி எழுதியிருக்கிறதா? ஏதாவது கட்டம் காலியாக இருந்தால், அட்டையோடு நாளைக்கே ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.