கைவிடப்பட்ட மனைகளும் நிலவங்கியும்

 

உரிமையாளர் கைவிட்டுச் சென்ற வீட்டுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடை தேடிய ஓர் ஊரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரமே அது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908ஆம் ஆண்டு தோன்றியது அவ்வூரில்தான். 1960ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 1,97,000 மக்கள் வாழ்ந்தனர். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிழைப்பு நாடி மக்கள் வெளியேறினர். 2020ஆம் ஆண்டில் எஞ்சியோர் ஏறத்தாழ 81,000 பேரே. ஆளில்லா வீடுகளின் கூரைகள் சரிந்தன, புதர் மண்டியது, சிலவற்றுக்குத் தீயும் வைக்கப்பட்டது. இத்துன்பம் முழுவதையும் சுமந்தவர்கள், அவற்றின் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றி வாழ்ந்துகொண்டிருந்த எளியவர்களே.

பழைய சட்டமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. வரி செலுத்தப்படாத மனைகளின் வரிநிலுவை உரிமையை வணிகர்கள் விலைக்கு வாங்கினர். மனை யாருடையது எனத் தெளிவாகப் பல ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் வீடு பாழாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மாற்றியது. அதன்படி அத்தகைய மனை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், நீதிமன்றத்தின் வழியாக, மாவட்டக் கருவூல அலுவலரிடம் வந்து சேர்ந்தது. ஜெனசி மாவட்டத்தில் அப்பதவி வகித்த டான் கில்டீயின் முயற்சியால் 2002இல் நிலவங்கி உருவாயிற்று.

இவ்வங்கி பணத்தை வைப்பாகக் கொள்வதன்று, மனைகளைக் கொள்வது. பட்டா வில்லங்கத்தைத் தீர்த்து, பழுதுபார்க்கத் தக்க வீட்டைச் சீர்செய்து விற்கும். தகாததை இடித்துத் தரைமட்டமாக்கும். வெற்றுமனையை அடுத்த வீட்டுக்காரருக்கே குறைந்த விலைக்குக் கொடுக்கும். அவர் அதில் தோட்டம் போடுவார். ஏனைய மனைகளில் புல் வெட்டிக் குப்பை அகற்றும் பணியை அப்பகுதிக் குழுக்களிடம் ஊதியத்துடன் ஒப்படைக்கும். 1973இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த டியூரண்ட் விடுதியும் இவ்வங்கியின் முயற்சியால் 2010இல் குடியிருப்பாக மீண்டும் திறக்கப்பட்டது.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. வரி செலுத்த இயலாத ஏழை, தான் குடியிருக்கும் வீட்டையே இழக்க நேரலாம். வறுமையுற்றோர்க்குக் கால நீட்டிப்பு அளிக்கச் சட்டம் இடம் தந்தது. அதுவும் போதாதாயிற்று. வரிக்கடனுக்கு மேல் விற்ற தொகையை அரசு தனக்கென வைத்துக்கொள்ளலாகாது, அது உரிமையாளருக்கே உரியது என 2020இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெரியோர்களே, பாழ்மனையைப் பொதுநலத்துக்காக மீட்பது நன்று. அம்மீட்பில் எளியவனின் உடைமை பறிபோகாமல் காப்பது அதனினும் இன்றியமையாதது. இவ்விரண்டையும் ஒருங்கே பேணும்போதே ஓர் ஊர் உண்மையில் சீர்பெறும் எனக் கூறி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.