ஆலை மூடினாலும் ஊர் யாருக்கு? பம்பாய் கிரண்காவ் தரும் பாடம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வேலை நாள், கொழுந்து நிறுவை பற்றி நாம் எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறோம். இன்று இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். உழைத்த இடம் மூடப்பட்டால், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் தத்தா இஸ்வால்கர். பம்பாய் மொடர்ன் மில்லில் வேலை செய்தவர்.

பம்பாயின் நடுவே பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளைச் சேர்த்து மக்கள் 'கிரண்காவ்' என்று அழைத்தார்கள். மராத்தியில் அதற்கு 'ஆலைகளின் ஊர்' என்று பொருள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாலைகள் அங்கே இருந்தன. கொங்கண் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் 'சால்' என்ற வரிசைக் கட்டடங்களில், ஒரே அறைக்குள் குடும்பமாக வாழ்ந்தார்கள். கழிப்பறை பொது. நம் லயன் காம்பராவை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தனியாக வந்த ஆண்களுக்குப் பெண்கள் சமைத்துப் போட்டார்கள். நமக்குக் காமன் கூத்து போல அவர்களுக்கும் பாட்டும் கூத்தும் திருவிழாவும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அந்தத் தொழிலாளர்கள் 1890இல் வென்றெடுத்தார்கள். 1908இல் திலகர் சிறைத்தண்டனை பெற்றபோது ஆறு நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். 1928இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசிப் பெரிய போராட்டம் 1982 ஜனவரி 18ஆம் திகதி தொடங்கியது. டொக்டர் தத்தா சமந்த் தலைமையில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் வெளியே வந்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். ஒரு சங்கத்துக்கு மட்டுமே அங்கீகாரம் கொடுத்த சட்டத்தையும் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டம் வெற்றி பெறவில்லை. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

தோழர்களே, அப்போது ஆலையின் இயந்திரத்தைவிட அதன் நிலத்துக்குத்தான் விலை அதிகமாகியிருந்தது. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர். 1989இல் இஸ்வால்கரும் தோழர்களும் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களுக்காகப் போராட்டக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். "இந்த நிலத்தின் பெறுமதி எங்கள் உழைப்பால் வந்தது, எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்பதே அவர்களின் நிலைப்பாடு.

1991இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. நல்ல விதிதான். ஆனால் 2001இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத வெறும் நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு என்றார்கள். மக்களுக்கு வரவேண்டிய நிலம் வெகுவாகச் சுருங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2006இல் தீர்ப்பு உரிமையாளர்களுக்குச் சாதகமாக வந்தது. இன்று அந்த ஆலைகள் பல வணிக வளாகங்கள், அடுக்குமாடிகள். சில இடங்களில் பழைய புகைபோக்கி மட்டும் அழகுக்காக நிற்கிறது.

ஆனாலும் குழு விட்டுவிடவில்லை. தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்க அரசு இணங்க வேண்டியதாயிற்று. 2012இல் சுமார் 7,000 வீடுகள் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்களோ ஒரு இலட்சத்துக்கும் மேல். பின்னர் சிலருக்கு நகருக்கு வெளியே பன்வேல் பக்கத்தில் வீடு ஒதுக்கப்பட்டது. இஸ்வால்கர் 2021இல் காலமானார். அவருடைய போராட்டம் இன்னும் முடியவில்லை.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, விதியின் ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும். அங்கே 'வெறும் நிலம்' என்ற சொல் மக்களின் பங்கைத் தின்றுவிட்டது. இங்கே காணி என்று சொல்லும்போது உறுதிப்பத்திரம் யார் பெயரில், மனைவியின் பெயரும் இருக்கிறதா, எந்த இடத்தில் என்று கேட்போம்.

இரண்டாவது, பத்திரங்களைப் பாதுகாப்போம். அங்கே வீடு பெற, ஆலையில் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பல வருடங்களுக்கு முந்திய அட்டையும் சேமலாப நிதிச் சீட்டும் தேடி விதவைகளும் பிள்ளைகளும் அலைந்தார்கள். நம் வீடுகளிலும் சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். விபரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, நம் கதையை நாமே எழுதி வைப்போம். நீரா அடார்க்கரும் மீனா மேனனும் கிரண்காவ் தொழிலாளர்களின் வாய்மொழிகளைத் திரட்டி 2004இல் நூலாக்கினார்கள். ஆலை இடிந்தாலும் அந்தக் குரல்கள் இருக்கின்றன.

"லயன் காம்பராவைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறோம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒழுகும் கூரைக்குக் கீழே இன்னொரு தலைமுறை வாழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இஸ்வால்கரும் பழைய அறையைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. உழைத்த மண்ணிலேயே கௌரவமான வீடு கேட்டார். நம் மலையகத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலை உல்லாச விருந்தகமாகியிருக்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றியது நல்லதுதான். ஆனால் அங்கே கொழுந்து கொண்டுவந்து கொட்டியவர்களின் பெயரும் இருக்க வேண்டும், அவர்களின் பிள்ளைகளுக்கு வீடும் காணியும் இருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கொப்பியைத் திறக்கட்டும். எந்த லயனில் எந்தக் குடும்பம், எத்தனை தலைமுறை, ஓய்வுபெற்றவர் யார், கோயிலும் பிள்ளைக்காம்பராவும் மயானமும் எங்கே என்று எழுதுங்கள். வயதானவர்களிடம் முதலில் போங்கள். காணிப் பேச்சுக்கு நாம் உட்காரும் நாளில் அந்தக் கொப்பி மேசையில் இருக்க வேண்டும்.

ஒற்றுமையாய் நிற்போம்.