இளையோர் விருந்தும் இரண்டு உலகங்களும்



பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துக்கு யாரை அழைப்பது என்பதை முற்காலத்தில் வீட்டாரே முடிவு செய்தனர். அழைப்பிதழில் பெயர் எழுதப்பட்டது. அல்லது கூடத்தில் இருந்த தொலைபேசியில், பெற்றோர் காதில் விழும்படி, செய்தி சொல்லப்பட்டது. எத்தனை பேர் வருவர், எப்போது திரும்புவர் என்பதெல்லாம் தாய் அறிந்தவையே. அந்த எல்லையை இணையம் எவ்வாறு கரைத்தது என்பதற்கு நெதர்லாந்து நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று தக்க சான்றாகும்.

அந்நாட்டின் வடபகுதியில், குரோனிங்கன் நகருக்கு அருகே, ஹாரன் என்னும் அமைதியான ஊர் உள்ளது. 2012-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி தன் 16-ஆவது பிறந்தநாளுக்குத் தோழர்களை முகநூல் வழியே அழைத்தாள். தெரிந்தவர் மட்டும் காணுமாறு அமைக்க வேண்டிய அழைப்பு, அனைவரும் காணுமாறு அமைந்துவிட்டது. முன்பின் அறியாதோர் அதனைத் தத்தம் நண்பர்க்கு அனுப்பினர். அவள் அழைப்பை நீக்கிய பின்னரும் பிறர் புதிய அழைப்பை உருவாக்கினர். கட்டுக்கடங்காத விருந்தொன்றைக் காட்டி அவ்வாண்டு வெளிவந்த 'புராஜெக்ட் எக்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். செய்தி ஊடகங்கள் பேசப்பேச ஆவல் பெருகிற்று.

செப்டம்பர் 21 அன்று மாலை ஆயிரக்கணக்கான இளைஞர் அவ்வூரில் திரண்டனர். அங்கே விருந்தும் இல்லை, விருந்தளிப்போரும் இல்லை. இரவில் கூட்டம் கலவரமாக மாறிற்று. கடைகள் சூறையாடப்பட்டன, பலர் காயமுற்றனர்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் முன்னாள் மேயர் யோப் கோஹன் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்து, 2013 மார்ச்சில் அறிக்கை அளித்தது. அதன் தலைப்பு 'இரண்டு உலகங்கள்' என்பதாகும். இளையோர் ஓர் உலகில் கூடிப் பேசினர். ஊரை ஆள்வோர் வேறோர் உலகில் இருந்தனர். அறிக்கை வெளிவந்தபின் ஹாரன் மேயர் பதவி விலகினார்.

இத்தகைய கலவரம் அரிது. ஆயினும் அறிக்கையின் தலைப்பு எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். முன்பெல்லாம் அழைக்கப்படாத பிள்ளைக்கு விருந்து நடந்த செய்தி மறுநாள் பள்ளியில்தான் எட்டும். இன்று விருந்து நடக்கும்போதே படங்கள் வந்து சேர்கின்றன. 2017-இல் ஸ்னாப்சாட் செயலியில் சேர்க்கப்பட்ட நிலப்படம், இடத்தைப் பகிர இசைந்த நண்பர்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் காட்டுகிறது. தோழியர் அனைவரும் ஒரே வீட்டில் கூடியிருப்பதை, அழைப்புப் பெறாத சிறுமி தன் அறையில் அமர்ந்தவாறே காண்கிறாள். அடுத்த அறையில் உள்ள தாயோ மகள் படிக்கிறாள் என்றே எண்ணுகிறாள். ஒரே கூரையின்கீழ் இரண்டு உலகங்கள்!

கருவியால் நன்மையே இல்லை எனக் கூறுவதற்கில்லை. தொலைவில் வாழும் உறவினர் பிள்ளைகள் நாள்தோறும் பேசிக்கொள்கின்றனர். கூச்சமுள்ள பிள்ளை தன்னை ஒத்த நண்பரைக் கண்டடைகிறது. தீங்கைத் தடுக்க நாடுகள் சட்டமும் இயற்றுகின்றன. 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க இயலாது. சட்டம் கணக்கை மூடலாம். பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்பது வீட்டாரின் கடமை.

பெற்றோர் செய்யத்தக்கவை எளியனவே. அழைப்பு அனுப்புமுன், அது யார் யாருக்குத் தெரியும் என்பதைப் பிள்ளையுடன் அமர்ந்து பார்க்கலாம். விருந்துப் படங்களை உடனே வெளியிட வேண்டாம் எனச் சொல்லலாம். அதனைக் காணும் அழைக்கப்படாத தோழியின் மனம் நோகும் என்பதை உணர்த்தலாம். விருந்து முடிந்து திரும்பிய பிள்ளையைக் கேட்பதுபோலவே, விருந்துக்குப் போகாத பிள்ளையையும் அருகில் அமர்த்தி அன்புடன் கேட்க வேண்டும். அந்தப் பேச்சு நிகழும் வீட்டில் இரண்டு உலகங்கள் நெடுநாள் நிலைத்திரா.