திறக்காத பக்கிள்

காரில் குழந்தையை உட்கார வைக்கும் தனி இருக்கையில், பட்டனை அழுத்தியதும் பக்கிள் விடுபட வேண்டும். அமெரிக்காவில் கிராக்கோ நிறுவனத்தின் இருக்கைகளில் அது இறுகிக்கொண்டது. சிந்திய பாலும் உணவுத் துணுக்கும் உள்ளே போனால் இன்னும் மோசம். சில பெற்றோர் பெல்ட்டை வெட்டித்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள்.

புகார்கள் குவிந்தன. 2014-இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு மாற்று பக்கிள் தர வேண்டியதாயிற்று. குறையை உரிய காலத்தில் அரசுக்குத் தெரிவிக்காததால், 2015-இல் 1 கோடி டாலர் அபராதம்.

அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தது பெற்றோரின் புகார்தான். குழந்தை இருக்கை வாங்கினால் மாடல் எண்ணை நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். பக்கிள் இறுகினால் உடனே எழுதிப் போடுங்கள். உங்கள் ஒரு புகார் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் காப்பாற்றும்.