அகதிகளின் மனக்காயம்: முதல் மாதங்களில் தேவைப்படுவது என்ன?



போரிலிருந்து உயிர்தப்பி வந்தவருக்கு முதலில் என்ன கொடுப்பது? சோறும் கூரையும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மனக்காயத்துக்கு? நடந்ததையெல்லாம் உடனே ஒருவரிடம் கொட்டித் தீர்க்க வைக்க வேண்டும் என்று எண்ணுபவர்களே அதிகம். அழுதால் பாரம் குறையும் என்பது தமிழ் வீடுகளிலும் சொல்லும் பேச்சுத்தானே?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கொடிய நிகழ்வு நடந்த கையோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையைப் பற்றிய சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த கொக்ரேன் அறிக்கை 2002-இல் வெளிவந்தது. பின்னால் வரும் மனநோயை அந்த முறை தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும், பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்கிறது. பக்கத்தில் இருப்பது, தேவையைக் கேட்பது, உறவினரோடு சேர்த்துவைப்பது ஆகியவையே அது காட்டும் வழி.

இதை நடைமுறையில் பார்க்கச் சிட்னி நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 2015-இல் ஆஸ்திரேலியா, சிரியா, ஈராக் போர்களில் சிதறிய மக்களுக்காக வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 12,000 இடங்களை ஒதுக்கியது. அவர்களில் பல ஆயிரம் பேர் மேற்குச் சிட்னியின் ஃபேர்ஃபீல்டு வட்டாரத்தில் குடியேறினர். இப்படி முறையாக அழைத்து வரப்படும் குடும்பத்தை விமான நிலையத்தில் ஒருவர் வரவேற்பார். தற்காலிக வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவ அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று வேலைகள் நடக்கும். படிவம் நிரப்புவதும் ஒரு வைத்தியமா என்று சிரிக்கத் தோன்றலாம். ஆம், வைத்தியம்தான். நாளை எங்கே படுப்போம் என்று தெரியாதவருக்கு எந்த ஆலோசனையும் உள்ளே இறங்காது.

சித்திரவதையிலிருந்து மீண்டவர்களுக்கென்று 1988 முதல் இந்நகரில் ஸ்டார்ட்ஸ் என்ற அமைப்பு இயங்குகிறது. இலங்கைத் தமிழர்களும் அதன் உதவியை நாடியிருக்கிறார்கள். அகதிகளின் தாய்மொழி பேசும் ஊழியர்கள் நடத்தும் குடும்ப வகுப்புகள் அதன் முக்கியப் பணி. பணம், சட்டம், பிள்ளை வளர்ப்பு என்று புதிய நாட்டின் நடைமுறைகளை அங்கே கலந்து பேசுகிறார்கள். கபோய்ரா என்ற பிரேசில் நாட்டுத் தற்காப்புக் கலையை இளையோருக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டமும் உண்டு. வாய் திறக்காத பையன்கள் தாளத்துக்கு ஆட மட்டும் வந்துவிடுகிறார்கள்.

இத்தகையவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். மின்சாரம் பாய்ச்சி வதைக்கப்பட்டவரின் நெஞ்சில் இதயத்துடிப்பு பார்க்கும் கம்பிகளை ஒட்டினால் என்ன ஆகும்? பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியும் சிலருக்குப் பழைய அறையை நினைவூட்டும். ஆகவே எதைச் செய்யுமுன்னும் விளக்கிச் சொல்லி, அனுமதி கேட்டு, வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். தன் உடம்பின் மேல் தனக்கு அதிகாரம் இல்லை என்று கற்பிக்கப்பட்டவருக்கு அந்த அதிகாரம் அங்கேதான் திரும்பக் கிடைக்கிறது.

இன்னொன்று, காலம். வந்த புதிதில் பலர் நன்றாகவே இருப்பதுபோல் தெரிவார்கள். மாதங்கள் கழித்து, வீடும் பள்ளியும் ஓரளவு அமைந்த பிறகு, தூக்கம் கெடும். ஊரில் விட்டுவந்த தாயின் தொலைபேசி அழைப்பு வரும். அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்காது. முதல் மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு ‘நலம்’ என்று எழுதி மூடிய கோப்பினால் யாருக்கும் பயனில்லை.

அதற்குள் பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கற்றுவிடுவார்கள். பத்து வயதுப் பெண் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாள். அம்மாவுக்கு நேர்ந்த கொடுமையை மருத்துவரிடம் அந்தப் பிள்ளையா சொல்வது? தாய் உண்மையை மறைப்பாள், அல்லது மகள் கேட்கக்கூடாததைக் கேட்பாள். ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை 1973-லேயே தொடங்கியது. சிறிய சமூகங்களில் நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்துவிடலாம். எதிர்த்தரப்பைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். வேறு நகரத்திலிருந்து வரும் முகம் தெரியாத குரல் அங்கே பாதுகாப்பு.

இத்தனை ஏற்பாடும் செய்த அதே நாடு, படகில் வந்தவர்களைத் தடுப்பு முகாமில் வைத்தது. தற்காலிக விசா மட்டுமே கொடுத்தது. சிட்னியில் வாழும் மண்டேயர் எனும் சிறுபான்மை அகதிகளிடையே சக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் முதலானோர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நீண்ட தடுப்புக்காவலும் தற்காலிக விசாவும் மன நோயோடு நேரடித் தொடர்புடையவை என்று அது காட்டியது. ஒரு கையால் மருந்து, மறுகையால் காயம்! 2023-இல்தான் அத்தகைய விசா வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு.

மலேசியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்று இங்கு வாழ்பவர்கள் 180,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். ஆணையத்தின் அட்டை காட்டினால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் 50 விழுக்காடு கழிவு உண்டு. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. கடைவீட்டு மாடிகளில் தொண்டர்கள் நடத்தும் வகுப்புகளே கதி. மனநல ஆலோசகர் அங்கே போய்ச் சேர நாளாகும். ஆனால் ஆசிரியர் தினமும் போகிறார். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை அதட்டுமுன், இரவு தூங்கினாயா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கலாம். பதில் வராவிட்டால் மறுநாளும் கேட்கலாம்.